கண்டதும் பிடித்ததும்

1

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லில் இரண்டு வினைகள் இருக்கின்றன. காண்பது ஒன்று, பிடிப்பது ஒன்று. பழக்கத்தில் இரண்டும் ஒட்டிப்போய் ஒன்றாகிவிட்டன. சுரங்கங்களின் சரித்திரத்தைப் படிக்கிறவன் மட்டும் இவற்றை மறுபடி பிரித்தே ஆகவேண்டும். அங்கே கண்டவன் ஒருவனாகவும் பிடித்தவன் வேறொருவனாகவும் இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பிடித்தவனுக்குப் பெயர், தேதி, பத்திரம் எல்லாம் கிடைக்கின்றன. கண்டவனுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால், ஓர் அடிக்குறிப்பு.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், ஆர்க்டிக் வட்டம் ஊடாகச் செல்லும் க்ரேட் பேர் ஏரியின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு சுரங்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஏரி சுமார் 31,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. முழுவதும் கனடாவுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் அதுவே பெரியது. ஜூலை வரைகூட அதன் மேல் பனிக்கட்டி மிதக்கும். கரையில் வாழ்கிறவர்கள் ஸாஹ்தூ டெனே மக்கள். ஸாஹ்தூ என்பது அந்த ஏரிக்கு அவர்கள் மொழியில் பெயர். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் மேற்கு முனையில் அவர்களுடைய ஊர் டேலினே இருக்கிறது. நீர் ஓடும் இடம் என்று பொருள். 1993 வரை வரைபடங்களில் அதற்கு ஃப்ராங்க்ளின் கோட்டை என்று பெயர். 1825-ல் அங்கே குளிர்காலத்தைக் கழித்த ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. ஊர்ப் பெயரிலேயே காண்பதும் பிடிப்பதும் தொடங்கிவிடுகின்றன.

பாடப்புத்தகங்களில் உள்ள கதை இது. 1900-ல் கனடா புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் மாக்கின்டாஷ் பெல் என்ற இளைஞர், சார்லஸ் காம்செல் முதலானோருடன் இந்த ஏரியைச் சுற்றிப் படகில் போனார். கிழக்குக் கரையின் செங்குத்துப் பாறைகளில் கோபால்ட்டின் இளஞ்சிவப்புக் கறையையும் செம்பின் பச்சையையும் பார்த்து, துறைக்கான அறிக்கையில் எழுதினார். ஒரு வாக்கியத்தில் முடிந்துபோன விஷயம். அந்த வாக்கியம் முப்பது வருஷங்கள் நூலகங்களில் கிடந்தது. பிறகு கில்பர்ட் லபைன் என்ற கனிமம் தேடுபவர் அதைப் படித்தார். ஒன்டேரியோவில் கோபால்ட் என்றே பெயர்கொண்ட ஊரில், வெள்ளி வேட்டையில் தொழில் பழகியவர். இளஞ்சிவப்புக் கறை இருக்கும் இடத்தில் வெள்ளி இருக்கலாம் என்பது அவருக்குக் கைவந்த பாடம். சகோதரரும் அவரும் 1926-ல் தொடங்கிய எல்டொராடோ என்ற தங்கக் கம்பெனி தங்கமின்றித் தவித்துக்கொண்டிருந்த நேரம். 1929-ல் விமானத்திலிருந்து அந்தக் கரையைப் பார்த்தார். 1930 மே 16 அன்று, உறைந்த ஏரியின் மீது நடந்துவந்து, பாறையில் கருத்துக் கிடந்த ஒரு தாது நரம்பைக் கண்டார். கூட வந்த செயின்ட் பால், பனியின் ஒளியில் தற்காலிகமாகக் கண்பார்வை இழந்து முகாமில் இருந்தார். லபைன் கண்டது வெள்ளியோடு பிட்ச்பிளெண்ட். யுரேனியமும் அதனுள் ரேடியமும் அடங்கிய கறுப்புத் தாது.

கதையின் அமைப்பு கச்சிதமானது. ஒருவர் பார்த்து எழுதிவைக்கிறார், இன்னொருவர் படித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறார், மூன்றாமவர் பக்கத்திலேயே இருந்தும் பார்க்க முடியாமல் படுத்திருக்கிறார். இந்த மூவரோடு கதை முடிந்துவிடுவதால்தான் அது கச்சிதமாக இருக்கிறது.

டேலினேயில் வேறு கதை சொல்கிறார்கள். அவர்களில் ஒரு முதியவர் அந்தக் கல்லை முன்பே எடுத்து வைத்திருந்தார். அதை ஒரு வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார். பதிலுக்கு மாவும் பன்றிக்கொழுப்பும் ரொட்டி புளிக்கவைக்கும் பொடியும் கிடைத்தன. அவ்வளவுதான். இதற்குத் தேதி இல்லை, பதிவு அலுவலகத்தின் முத்திரை இல்லை. ஆகவே சரித்திர நூல்களில் இது 'வாய்மொழி மரபு' என்ற தலைப்பின் கீழ் தனியாக வைக்கப்படுகிறது. பெல் படகிலிருந்து கண்ட கறை 'தரவு' என்ற தலைப்பின் கீழ் போகிறது.

2

பிட்ச்பிளெண்ட் என்பது ஜெர்மன் சொல். 'பெஃக்' என்றால் கீல், தார் போன்ற கறுப்பு. துரதிர்ஷ்டம் என்ற பொருளும் அதற்கு உண்டு. பொஹீமியாவின் யோகிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் வெள்ளி வெட்டியவர்கள், வெள்ளிக்குப் பதிலாக இந்தக் கறுப்புக் கல் எதிர்ப்பட்டால் ஒதுக்கி எறிந்தார்கள். அதே ஊரில் அச்சடித்த வெள்ளி நாணயத்துக்கு யோகிம்ஸ்தாலர் என்று பெயர் வந்தது. அது குறுகித் தாலர் ஆயிற்று, தாலர் டாலர் ஆயிற்று. உலகத்தின் பணமும் உலகத்தின் யுரேனியமும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டவை என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு போலத் தோன்றும். ஆனால் அகராதியிலும் ரசாயன நூலிலும் இருக்கிற செய்திதான். 1789-ல் க்ளாப்ராத் இந்தக் கறுப்புத் தாதுவிலிருந்துதான் யுரேனியத்தை இனங்கண்டார். 1898-ல் கியூரி தம்பதிகள் பொலோனியத்தையும் ரேடியத்தையும் பிரித்தறிந்ததும் இந்தப் பள்ளத்தாக்குத் தாதுவிலிருந்துதான்.

யோகிம்ஸ்தாலில் மருத்துவராக இருந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழில் பற்றிய அவருடைய பெரிய நூல் 1556-ல் வெளிவந்தது. கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களில், நுரையீரலைத் தின்னும் நோயால் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவர்களை இழந்த பெண்கள் உண்டு என்று அதில் குறிப்பிடுகிறார். பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள ஷ்னீபெர்க்கில், சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் 'மலை நோய்' உண்மையில் நுரையீரல் புற்று என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் 1879-ல் காட்டினார்கள். கதிரியக்கம் என்ற பெயரே பிறக்காத காலம் அது.

ஆகவே 1930-ல், க்ரேட் பேர் ஏரிக் கரையில் தாது கிடைத்தபோது, அதைப்பற்றி மனிதகுலத்துக்குத் தெரியாததைவிடத் தெரிந்தது அதிகம். ரேடியச் சாயம் பூசிக் கடிகார முகங்களை ஒளிரச் செய்த அமெரிக்கப் பெண்களின் தாடை எலும்புகள் அழுகிப்போனதும், நியூ ஜெர்சியில் அவர்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்ததும் பத்திரிகைச் செய்திகள். ரேடியம் கலந்த நீரை மருந்தென்று குடித்துவந்த ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் 1932-ல் இறந்தார். அதே 1930-களின் தொடக்கத்தில் கனடாவின் சுரங்கத் துறையும், கதிரியக்கத் தாதுவின் தூசியால் வரும் ஆபத்தைப் பற்றி எச்சரித்து வெளியீடுகள் கொண்டுவந்தது.

அந்த எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பது முக்கியம். பரிசோதனைக்கூடத்தில் தாதுவைக் கையாள்பவர்களுக்காக எழுதப்பட்டது. அச்சடித்த தாளில், ஆங்கிலத்தில். பெல்லின் வாக்கியம் முப்பது வருஷம் காத்திருந்து தன் வாசகனைத் தேடிக்கொண்டது. இந்த எச்சரிக்கை வாக்கியங்களுக்கு அப்படி வாசகன் வாய்க்கவில்லை. ஒரே அரசாங்கத்தின் அச்சகத்திலிருந்து வந்த இரண்டு வகை வாக்கியங்கள். ஒன்று 'இங்கே ஏதோ இருக்கலாம்' என்றது, அதை நம்பி முதலீடு வந்தது. மற்றது 'இதனால் தீங்கு வரலாம்' என்றது. அதை நம்பி எதுவும் வரவில்லை.

3

பிடிப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும். கனடாவின் வடக்கில் இருந்த சட்டம் எளிமையானது. உரிமம் பெற்ற எவரும், அரசாங்கத்துடையது என்று கருதப்பட்ட நிலத்தில் போய், மூலைகளில் முளைக்கம்பு நட்டு, அலுவலகத்தில் பதிந்துகொண்டால் அடியிலுள்ள கனிமத்தின் மேல் உரிமை பிறந்துவிடும். அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டியதில்லை. நிலம் அரசாங்கத்துடையதாகக் கருதப்பட்டது எப்படி? 1920-ல் மெக்கன்ஸி ஆற்றங்கரையில், நார்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது. மறுவருஷமே, 1921-ல், ஒப்பந்தம் 11 என்ற பத்திரத்தோடு அரசாங்கப் பிரதிநிதி ஆற்றுவழியே படகில் வந்தார். அதற்கு முன் பல வருஷங்கள் வடக்கிலிருந்து ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் அரசாங்கத்துக்கு அவசரமிருக்கவில்லை. எண்ணெய் வந்ததும் அவசரம் வந்தது. பத்திரத்தின்படி நிலம் அரசுக்கு, ஆளுக்கு ஆண்டுதோறும் 5 டாலர் மக்களுக்கு.

மக்கள் அதைச் சமாதான உடன்படிக்கை என்று புரிந்துகொண்டார்கள். நிலத்தை விற்கும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. 1973-ல் வடமேற்குப் பிரதேச நீதிபதி வில்லியம் மாரோ, ஊர் ஊராகப் போய் முதியவர்களின் சாட்சியத்தைக் கேட்டபின், இந்த ஒப்பந்தங்களால் அவர்களுடைய நில உரிமை போய்விட்டது என்பதில் போதிய சந்தேகம் இருக்கிறது என்று தீர்ப்பெழுதினார். மேல்முறையீட்டில், பதிவுச் சட்டத்தின் நுணுக்கம் ஒன்றைக் காரணம் காட்டி, அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் வாய்ச்சொல் ஒரு நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கேட்கப்பட்டது. இது சின்ன விஷயமில்லை. 1997-ல், மேற்குக் கடற்கரை மக்கள் தொடுத்த டெல்கமூக் வழக்கில், கனடாவின் உச்ச நீதிமன்றமே வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்று சொன்னது.

1930-ல் இவை எதுவும் இல்லை. முளைக்கம்புகள் நடப்பட்டன. சுரங்கத்துறைமுகத்துக்குப் போர்ட் ரேடியம் என்று பெயரிட்டார்கள். ஒரு தனிமத்தின் பெயரையே ஊராக்கும் தைரியம் அந்தக் காலத்தின் உற்சாகத்தைக் காட்டுகிறது. ரேடியம் அப்போது கிராம் 70,000 டாலர் விற்றது. பெல்ஜிய காங்கோவின் சுரங்கங்களை வைத்திருந்த கம்பெனியின் ஏகபோகம். அதை உடைக்கிறோம், புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிறோம் என்ற பெருமிதம் கனடாப் பத்திரிகைகளில் நிறைந்தது. அதில் பொய் இல்லை. ரேடியம் உண்மையிலேயே புற்றுக்கட்டிகளைச் சுட்டது, உயிர்களைக் காத்தது. இதை மறைத்துவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர் ஒரு துண்டுப்பிரசுரம்தான் எழுதமுடியும். மருந்தும் நோயும் ஒரே மூட்டையில் போயின என்பதுதான் இங்கே கஷ்டமான உண்மை.

அந்த இடத்துக்கு டெனே மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயரின் பொருள், பணம் இருக்குமிடம். தங்கத்தால் பிறந்த எல்லோநைஃப் நகரையும் அவர்களுடைய உறவுமொழி பேசுவோர் அதே பொருளில்தான் அழைக்கிறார்கள். தாங்கள் சுமந்த கல் எதுவென்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது எதற்காக எடுக்கப்படுகிறது என்று மட்டும் அவர்கள் பெயர் வைத்ததிலிருந்து தெரிகிறது.

4

ஒரு கிராம் ரேடியம் இருக்கும் தாதுவில் சுமார் மூன்று டன் யுரேனியம் இருக்கும். இயற்கையின் விகிதம் அது. ஆகவே ஒரு சிட்டிகை ரேடியத்துக்காக மலைமலையாகப் பாறையை உடைத்து, தேர்ந்த தாதுவை மூட்டை கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. சுத்திகரிக்கும் ஆலையோ கண்டத்தின் மறுகோடியில், ஒன்டேரியோ ஏரிக்கரையிலுள்ள போர்ட் ஹோப் என்ற சிற்றூரில் 1933-ல் தொடங்கியது. மார்செல் போஷோன் என்ற பிரெஞ்சு ரசாயனர் அதை நடத்தினார்.

மூட்டைகளின் வழி இது. கோடையின் சில வாரங்களில், பனி விலகியதும், தட்டைப் படகுகளில் ஏரியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்க வேண்டும். பிறகு பேர் ஆறு. நடுவில் பாய்ச்சலான பகுதியில் படகு போகாது. எல்லாவற்றையும் இறக்கிக் கரைவழியே கொண்டுபோய் மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்து மெக்கன்ஸி ஆற்றை எதிர்த்துத் தெற்கே, ஸ்லேவ் ஏரி, ஸ்லேவ் ஆறு. அங்கேயும் ஒரு நீண்ட தரைவழி. பிறகு அத்தபாஸ்கா ஆறு, அதன் முடிவில் ரயில். ஒவ்வொரு இறக்கலிலும் ஏற்றலிலும் மனிதத் தோள்கள் வேண்டும். வடக்குப் பகுதியில் அந்தத் தோள்கள் பெரும்பாலும் டெனே ஆண்களுடையவை. மூட்டை ஒன்று நூறு ராத்தல், அதாவது 45 கிலோ. நாள்கூலி 3 டாலர் என்று டேலினேக்காரர்கள் நினைவுகூர்கிறார்கள்.

சாக்குத் துணியிலிருந்து தூசி கசிந்தது. பயணத்தின்போது மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்தார்கள், தூங்கினார்கள். குடும்பங்கள் கூடவே முகாமிட்டிருந்தன. காலியான சாக்குத் துணியைப் பெண்கள் கூடாரத்துக்கும் வேறு உபயோகங்களுக்கும் தைத்துக்கொண்டார்கள். நல்ல துணியை வீணாக்கும் வழக்கம் வடக்கில் கிடையாது. சிக்கனம் என்கிற, எந்தக் கலாச்சாரமும் போற்றும் குணம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

சுரங்கத்தின் கழிவு ஏரியில் கொட்டப்பட்டது. போர்ட் ஹோப்பில் ரேடியத்தை எடுத்தபின் மிஞ்சிய யுரேனியக் கழிவுக்கும் ஆரம்பத்தில் பெரிய மதிப்பில்லை. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் மஞ்சள் நிறம் ஏற்றக் கொஞ்சம் விலைபோகும். மற்றது குவிந்து கிடந்தது. ஆலையைச் சுற்றிய மண்ணும் இடிபாடும் ஊரில் வீடுகட்டப் பள்ளம் நிரப்பப் பயன்பட்டன. 1975-ல் அந்த ஊரின் ஒரு பள்ளிக்கூடத்தில் ரேடான் வாயு மிகுந்திருப்பதை அறிந்து பிள்ளைகளை வெளியேற்றினார்கள். ஊரின் மண்ணைத் தோண்டிப் பாதுகாப்பான மேட்டில் சேர்க்கும் வேலைக்காக 2012-ல் கனடா அரசாங்கம் 128 கோடி டாலர் ஒதுக்கியது. 1975-ல் வாயுவை அளந்தார்கள், அளந்ததும் நடவடிக்கை தொடங்கியது. போர்ட் ஹோப் ரயில்பாதைக்கு அருகில் இருக்கும் ஊர் என்பதை மறக்கக்கூடாது.

5

ஐரோப்பாவின் யுத்தத்தால் சந்தை போய், 1940-ல் சுரங்கம் மூடப்பட்டது. 1942-ல் திறந்தார்கள். இம்முறை வேண்டியிருந்தது ரேடியம் அல்ல. முன்பு கழிவென்று ஒதுக்கிய யுரேனியம். அணுப்பிளவு 1938-ன் கடைசியில் தெரியவந்ததற்குப் பிறகு கழிவும் சரக்கும் இடம் மாறிவிட்டன. கனடா அரசாங்கம் கம்பெனியின் பங்குகளை ரகசியமாக வாங்கத் தொடங்கி, 1944 ஜனவரியில் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. மன்ஹாட்டன் திட்டத்துக்குப் போன யுரேனியத்தில் பெரும்பகுதி காங்கோவின் ஷின்கொலொப்வே சுரங்கத்தினுடையது. க்ரேட் பேர் ஏரியின் பங்கு சிறியது. காங்கோத் தாதுவின் ஒரு பகுதியும் போர்ட் ஹோப்பில்தான் சுத்திகரிக்கப்பட்டது. ஆலையில் கலந்தபின் தாதுவுக்கு ஊர் கிடையாது. எந்தத் தோள் சுமந்த மூட்டை எந்த நகரத்தின் மேல் போய் விழுந்தது என்று கணக்குக் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல இயலாதபடிதான் அந்தத் தொழில் அமைந்திருக்கிறது. காங்கோவிலும் சுமந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

1945 ஆகஸ்ட் 6-ஐப் பற்றி இங்கே எதுவும் புதிதாகச் சொல்வதற்கில்லை. ஹிரோஷிமாவில் போட்டது யுரேனியக் குண்டு. நாகசாகியில் புளூட்டோனியம், அதுவும் யுரேனியத்திலிருந்து ஆக்கப்பட்டது. போர்ட் ரேடியம் அதற்குப் பிறகும் பதினைந்து வருஷங்கள் வேலை செய்தது. 1960-ல் யுரேனியம் தீர்ந்து மூடினார்கள். 1964 முதல் 1980-களின் தொடக்கம் வரை வேறொரு கம்பெனி அதே இடத்தில் வெள்ளி எடுத்தது. லபைன் முதலில் தேடிவந்தது வெள்ளியைத்தானே.

6

இனி நிரூபணத்தின் கதை.

போர்ட் ரேடியம் சுரங்கத் தொழிலாளர்களின் மரணங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1987-ல் வெளியாயிற்று. கம்பெனியின் வேலைப் பதிவுகளிலிருந்து சுமார் 2,100 பேரின் பெயர்களை எடுத்து, தேசிய மரணப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் எதிர்பார்க்கத்தக்க அளவைவிடத் தெளிவாக அதிகம். சுவாசித்த ரேடானின் அளவு கூடக்கூட மரணமும் கூடியது. நல்ல ஆய்வு. சந்தேகத்துக்கிடமில்லாத முடிவு. அதற்கு ஆதாரம் ஒரு சம்பளப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தவன் செத்தபின் எண்ணப்பட்டான்.

மூட்டை சுமந்த டெனேக்களுக்கு இப்படி முழுமையான பட்டியல் இல்லை. கோடைக்குக் கோடை, துறைக்குத் துறை, வந்து சுமந்து கூலி வாங்கிப் போனவர்கள். வெளியிலிருந்து வந்து டேலினேயை எழுதியவர்கள் அதற்கு விதவைகளின் ஊர் என்று பெயர் வைத்தார்கள். கணவர்களையும் அண்ணன்மார்களையும் புற்றுக்குக் கொடுத்த கிழவிகள் அங்கே எண்ணிக்கை சொன்னார்கள். அக்ரிகோலாவின் ஏழு கணவர்கள் நினைவுக்கு வராமல் போகாது. 1998-ல் ஊரின் யுரேனியக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இவற்றை எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை என்பது அதன் தலைப்பின் பொருள். 1999-ல் அரசாங்கமும் ஊரும் சேர்ந்து ஒரு பேச்சு மேசை அமைத்தன. 2005-ல் அதன் முடிவு வந்தது. சுமைக்காரர்களின் மரணங்களுக்கும் தாதுவுக்கும் தொடர்பு உண்டென்று விஞ்ஞானரீதியில் நிறுவுவதற்கு ஆதாரம் போதாது. கூட்டம் மிகச் சிறியது. சில நூறு பேர் வாழும் ஊரில், சில பத்துப் பேரைக் கொண்டு புள்ளியியல் எதையும் உறுதியாகச் சொல்லாது.

இந்த முடிவைப் பொய் என்று தூக்கியெறிவது சுலபம். பலரும் செய்தார்கள். ஆனால் அது பொய் இல்லை. புள்ளியியலின் இலக்கணப்படி அது சரியான வாக்கியம். பிரச்னை அந்த வாக்கியத்தில் இல்லை. எந்த இடத்தில் எந்த அளவுக்கு நிரூபணம் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. பெல்லின் கறைக்கு யாரும் நிரூபணம் கேட்கவில்லை. ஒரு படகோட்டத்தில் கண்ட இளஞ்சிவப்பு, ஒரு கம்பெனியின் கடைசிப் பணத்தை ஏரியின் மறுகரைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது. தேடுதல் என்ற தொழிலே 'இருக்கலாம்' என்ற வினையில் நடப்பது. பத்து இடத்தில் தோண்டி ஒன்பதில் தோற்பது அதன் இயல்பு. அந்தத் தோல்விகளை முன்கூட்டியே மன்னித்துவிடும் வணிகம் அது. சுரங்கம் திறக்க ஒரு குறிப்பு போதும். கணக்கு முடிக்க மட்டும் ஐயமறத் தெளிந்த நிரூபணம் வேண்டும். அந்த நிரூபணத்துக்கு வேண்டிய பட்டியலை எழுதியிருக்க வேண்டியவர்கள், எழுதாமல் விட்டவர்களேதான்.

'கண்டுபிடி' என்பதற்குப் பக்கத்தில் தமிழில் இன்னொரு கூட்டுவினை இருக்கிறது. கண்டுகொள்வது. எதிர்மறையில்தான் அதை நாம் அதிகம் உபயோகிக்கிறோம். கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்போம். கண்ணில் படாமல் போனதற்கு இப்படிச் சொல்வதில்லை. கண்டும், அதைத் தன்னுடைய பொறுப்பாக எடுத்துக்கொள்ளாததற்கே சொல்கிறோம். போர்ட் ரேடியத்தின் சரித்திரத்தில் கண்டது நிறைய, பிடித்தது நிறைய. கண்டுகொண்டது யார்?

7

டெனே எழுத்தாளர் ஜார்ஜ் ப்ளாண்டின், முதியோரிடம் கேட்ட கதைகளைத் தொகுத்து 1990-ல் வெளியிட்ட நூலில் ஒரு கதை இருக்கிறது. வெள்ளையர் வருவதற்கு முன்பு, மான் வேட்டைக்குப் போனவர்கள் ஏரியின் கிழக்குக் கரையில், அந்தப் பாறைக்கருகில் ஓர் இரவு தங்குகிறார்கள். அவர்களில் மந்திர சக்தி உள்ள ஒருவர் இரவு முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கிறார். காலையில் கேட்டபோது சொல்கிறார். விநோதமான மனிதர்கள் நிலத்தில் ஒரு பெரிய துளைக்குள் போய்வருவதைக் கண்டேன். அவர்கள் எடுத்த கல்லைக்கொண்டு எதையோ செய்தார்கள். அதை ஒரு பெரிய பறவை தூக்கிப்போய் வெகுதூரத்தில் போட்டது. அங்கிருந்த ஜனங்கள் எல்லாரும் எரிந்தார்கள். அவர்கள் பார்வைக்கு நம்மைப் போலவே இருந்தார்கள்.

இந்தக் கதையோடு என்ன செய்வது என்பது எழுதுகிறவனுக்கு ஒரு சோதனை. தீர்க்கதரிசனம் பலித்தது என்று வியந்து, வடதுருவத்து ஞானம் என்று அலமாரியில் வைக்கலாம். மேற்கத்திய வாசகர்களில் ஒரு பகுதியினர் அதைத்தான் செய்கிறார்கள். அல்லது 1945-க்குப் பிறகு கதை திருத்தப்பட்டிருக்கும் என்று பகுத்தறிந்து தள்ளிவிடலாம். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. இது நிரூபணமாகுமா, ஆகாதா? டேலினே மக்கள் கேட்டது வேறு. கதையின் கடைசிப் பகுதியை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எரிந்தவர்கள் நம்மைப் போலவே இருந்தார்கள். அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் என்ன?

1998 ஆகஸ்டில் அந்த ஊரிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குப் போயிற்று. ஆகஸ்ட் 6 நினைவு நாளில் அங்கே இருந்தார்கள். உயிர் தப்பியவர்களைச் சந்தித்தார்கள். தங்கள் நிலத்திலிருந்து போன கல்லுக்காக வருத்தம் தெரிவித்தார்கள். குண்டைச் செய்தவர்கள் அவர்களில் இல்லை. கல் எதுவென்று தெரிந்து கொடுத்தவர்களும் இல்லை. தங்கள் மூட்டைதான் அந்தக் குண்டில் இருந்தது என்று அவர்களால் காட்டமுடியாது, காட்டச்சொல்லி அவர்கள் காத்திருக்கவும் இல்லை. 'இருக்கலாம்' என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. லபைனுக்குப் போதுமானதாக இருந்த அதே சொல். அவர் அதைக்கொண்டு நிலத்தில் முளைக்கம்பு நட்டார். இவர்கள் அதைக்கொண்டு ஒரு கடனை ஏற்றுக்கொண்டார்கள், அதுவும் தங்களுக்குச் சேரவேண்டிய கடன் இன்னும் தீர்க்கப்படாத நிலையில்.

2000-களின் நடுவில் யுரேனியத்தின் விலை ஏறியபோது தேடுபவர்கள் அதே கரைக்கு மறுபடி வந்தார்கள். 2007-ல் விலை ராத்தலுக்கு 130 டாலரைத் தாண்டியது. அதே 2007-ல்தான் பழைய சுரங்கத்தின் வாய்களை மூடிச் சீர்செய்யும் வேலையும் நடந்தது. 2016-ல் டேலினே தன்னாட்சி பெற்றது. அதே வருஷம் ஏரியும் சுற்றுநிலமும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. 1940-ல் மறைந்த டேலினேயின் தீர்க்கதரிசி லூயி அயா, உலகம் வற்றும் காலத்தில் ஜனங்கள் கடைசியாக இந்த ஏரிக்குத்தான் வருவார்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். ஏரியைக் காப்பது யாருக்காக என்று ஊர்க்கூட்டங்களில் கேள்வி எழும்போது அவர்கள் இதைத்தான் நினைவூட்டுகிறார்கள்.

ரேடியத்தின் அரையாயுள் 1,600 வருஷம். ஏரியின் அடியில் கிடக்கும் கழிவில் பாதி ரேடியம் குறைவதற்குள் எத்தனையோ சட்டங்களும் ஒப்பந்தங்களும் மொழிகளும்கூட மறைந்துபோகும். அத்தனை காலத்துக்கு ஓர் எச்சரிக்கையை எப்படி எடுத்துச் செல்வது என்று அணுக்கழிவு நிபுணர்கள் மாநாடு கூட்டி யோசித்திருக்கிறார்கள். கல்லில் பொறிப்பதா, படம் வரைவதா என்றெல்லாம். ஒரு பாறைக்கருகில் இரவெல்லாம் பாடி, காலையில் அதைச் சொல்லி, சொன்னதைப் பேரப்பிள்ளைகள் வரை கொண்டுவந்த ஒரு வழி டேலினேயில் இருந்தது. சுரங்கம் தோண்ட வந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அன்று அது அறிவென்று எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது.